மழைக்காலத்தில் ஐந்து சட்டை

போன சித்திரையில் பீரோவைக் காலி செய்து ஐந்து காட்டன் சட்டை, இரண்டு ஜீன்ஸ் என்று நிறுத்திக்கொண்டேன். சென்னை வெயிலுக்கு அருமையாகத்தான் இருந்தது, இரவு துவைத்த சட்டை காலையில் காய்ந்துவிடும். ஐப்பசி மழை பிடித்ததும்தான் வினையே. மூன்று நாளாகியும் ஜீன்ஸின் இடுப்புப் பட்டியும் பாக்கெட்டும் சொதசொதவென்று இருக்க, வேறு வழியில்லாமல் அதையே மாட்டிக்கொண்டு ஆபீஸ் போய், பக்கத்து இருக்கைக்காரர் மூக்கைச் சுளிப்பதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

எண்ணிக்கையைக் கூட்டவில்லை, துணியை மாற்றினேன். ஒரு ஜீன்ஸுக்குப் பதில் பாலியஸ்டர் கலந்த மெல்லிய பேன்ட், இரண்டு காட்டன் சட்டைக்குப் பதில் கலப்புத் துணியில் இரண்டு. பாலியஸ்டர் தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது, அதனால் சீக்கிரம் காயும் (மே மாதத்தில் அதைப் போட்டால் வெந்துவிடுவோம், அது வேறு). துவைத்ததும் காய்ந்த துண்டில் சுருட்டி முறுக்கி, ஹேங்கரில் மாட்டி ஃபேனுக்குக் கீழே தொங்கவிடுகிறேன். மிச்சமிருக்கும் ஜீன்ஸை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டிப் போட வேண்டும்.

விலக்கிய மூன்றும் மூட்டை கட்டிப் பரணில். அதை மட்டும் புரட்டாசி வெயிலிலேயே காயவைத்துக் கட்டிவிடுங்கள். நான் மழைக்கு நடுவில் அரை ஈரத்தோடு கட்டியதில் வெள்ளைச் சட்டைக் காலரில் கரும்புள்ளி விழுந்து, இன்னும் போகவில்லை.