உபுண்டு மடிக்கணினியை விண்டோஸ் கணினியுடன் இணைத்த அனுபவம்

என் மடிக்கணினியில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளமும் வீட்டு மேசைக்கணினியில் விண்டோஸ் 10-உம் இருப்பதால், குடும்பப் புகைப்படங்களை இத்தனை நாளும் பென்டிரைவில் ஏற்றி இறக்கியே வந்தேன். இரண்டும் ஒரே வைஃபையில் இருக்கையில் அது வீண் உழைப்பு என்று தோன்றவே, லினக்ஸ் கணினியின் கோப்புறைகளை விண்டோஸுடன் பகிர உதவும் சாம்பா மென்பொருளை மடிக்கணினியில் நிறுவி, ‘படங்கள்’ என்ற கோப்புறையைப் பகிர்ந்தேன்.

விண்டோஸின் நெட்வொர்க் பகுதியில் மடிக்கணினி தென்படவே இல்லை. அதை வைத்து இணைப்பே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதே சாளரத்தின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடுகளை (\\) இட்டு, வலையமைப்பில் மடிக்கணினியை அடையாளம் காட்டும் எண்ணான அதன் ஐபி முகவரியை, அதாவது 192.168.1.7 என்று தட்டியதும், பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பெட்டி உடனே திறந்தது. ஆனால் நான் உபுண்டுவில் அன்றாடம் உள்நுழையும் கடவுச்சொல்லை எத்தனை முறை கவனமாக இட்டும் அது ஏற்கப்படவில்லை. அரை நாள் தேடிய பிறகே காரணம் புரிந்தது: சாம்பா தனக்கெனத் தனியான கடவுச்சொல் பட்டியலை வைத்துக்கொள்கிறது, அதில் நான் இன்னும் சேர்க்கப்படவில்லை. கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் சாளரத்தில் smbpasswd -a என்ற கட்டளையால் என் பயனர்பெயரைச் சேர்த்து, அதற்கொரு கடவுச்சொல்லையும் கொடுத்தவுடன் கோப்புறை திறந்தது. அப்பாவின் பழைய படங்கள் வரிசையாகத் திரையில் விரிந்தபோது ஏற்பட்ட நிறைவு பெரிது.

மடிக்கணினியில் ஃபயர்வாலை (வெளி இணைப்புகளைத் தடுக்கும் பாதுகாப்பு அரணை) இயக்கி வைத்திருப்பவர்கள், சாம்பா பயன்படுத்தும் 445 என்ற போர்ட்டை (இணைப்பு வாயிலை) வீட்டு வலையமைப்புக்கு மட்டும் திறந்துவிட வேண்டும். இரண்டு நாள் கழித்து இணைப்பு மீண்டும் அறுந்தது. ரூட்டர் மடிக்கணினிக்கு வேறு ஐபி முகவரி கொடுத்திருந்தது. ரூட்டர் அமைப்பில் பழைய முகவரியையே அதற்கென ஒதுக்கிய பின் அந்தத் தொல்லையும் தீர்ந்தது.