த்ரெட் உள்ள சி நிரலில் பிழைச் செய்தியை அடக்கிவிடாதீர்கள்

த்ரெட் என்பது ஒரே நிரலுக்குள் மற்றவற்றோடு ஒரே நேரத்தில் ஓடும் ஒரு வேலை; அதைத் தொடங்கும் ஃபங்ஷன் பித்ரெட்_கிரியேட். நிரலைக் கட்டும்போது 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு பித்ரெட்_கிரியேட்' என்ற பிழை வந்ததும் பலரும் கோப்பின் தலைப்பகுதிக்குப் போய் பித்ரெட்.எச் என்ற ஹெடர் (ஃபங்ஷன்களின் அறிவிப்புகள் உள்ள கோப்பு) இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அங்கே தேடிப் பயனில்லை. ஹெடர் விடுபட்டிருந்தால் கம்பைலரே சொல்லியிருக்கும். இது, கம்பைல் ஆன துண்டுகளை இணைத்து முழு நிரலாக்கும் லிங்கரின் புகார்: ஃபங்ஷனின் பெயர் தெரிகிறது, அதன் குறிமுறை எந்த லைப்ரரியிலும் கிடைக்கவில்லை. செய்தியில் 'எல்டி', 'கலெக்ட்2' என்ற பெயர்கள் தென்பட்டால் பேசுவது லிங்கர். முதலில் இதைப் பிரித்துப் பாருங்கள்.

தீர்வு '-பித்ரெட்' என்ற ஆப்ஷன். கம்பைல் செய்யும்போதும் லிங்க் செய்யும்போதும் இரண்டிலும் கொடுக்க வேண்டும். '-எல்பித்ரெட்' லிங்க் வேலையை மட்டும்தான் பார்க்கும். அதையும் கம்பைல் ஆகி வந்த ஆப்ஜெக்ட் கோப்புகளுக்கு முன்னால் போட்டால் பல கணினிகளில் பலிக்காது, ஏனென்றால் லிங்கர் இடமிருந்து வலமாகப் படிக்கிறது. லினக்ஸில் பரவலாக உள்ள சி லைப்ரரி ஜிலிப்சி; 2021-இல் வந்த அதன் 2.34 பதிப்பிலிருந்து பித்ரெட் ஃபங்ஷன்கள் அந்த லைப்ரரிக்குள்ளேயே வந்துவிட்டன. அதனால் புதிய லினக்ஸில் ஆப்ஷன் இல்லாமலே லிங்க் ஆகும், பழைய சர்வரில் அதே மேக்ஃபைல் (நிரலைக் கட்டும் கட்டளைகள் உள்ள கோப்பு) உடையும். எங்கே ஓடினாலும் ஆப்ஷனை விடாதீர்கள்.

அடுத்தது, எனக்கு மிகவும் கவலை தருவது. ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் தரவைத் தொடவிடும் லாக் (மியூடெக்ஸ்) ஒன்றை எல்லாக் கோப்புகளும் பயன்படுத்த வேண்டும் என்று, ஹெடரிலேயே அந்த மியூடெக்ஸை அறிவித்துத் தொடக்க மதிப்பும் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு கோப்புகள் அந்த ஹெடரைச் சேர்த்ததும் 'மல்டிபிள் டெஃபனிஷன்' வருகிறது. உடனே முன்னால் 'ஸ்டாட்டிக்' சேர்க்கிறார்கள், பிழை போய்விடுகிறது. ஆனால் இப்போது ஒவ்வொரு சி கோப்புக்கும் தனித்தனி மியூடெக்ஸ்! ஒரு கோப்பின் த்ரெட் தன் லாக்கைப் பூட்டிக்கொண்டு கவுன்ட்டரை மாற்றும். அதே நேரத்தில் மற்றொரு கோப்பின் த்ரெட் தன் லாக்கைப் பூட்டிக்கொண்டு அதே கவுன்ட்டரை மாற்றும்; ஒன்றை ஒன்று தடுக்காது. லிங்கர் சொன்னதைக் கேட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை: ஹெடரில் 'எக்ஸ்டர்ன்', ஒரே ஒரு சி கோப்பில் வரையறை.

இதே குணம் காஸ்டிலும், அதாவது ஒரு வகையை வேறு வகையாக எடுத்துக்கொள் என்று கம்பைலரிடம் சொல்வதிலும், உண்டு. த்ரெட் ஃபங்ஷனை இன்ட் வாங்கி எதையும் திருப்பாத வகையில் எழுதிவிட்டு, பித்ரெட்_கிரியேட் ஏற்காதபோது காஸ்ட் போட்டு வாயை அடைப்பார்கள். பொருந்தாத வகையில் ஃபங்ஷனை அழைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு சி மொழி எந்த உத்தரவாதமும் தருவதில்லை. வாய்ட் பாயின்ட்டர் வாங்கி வாய்ட் பாயின்ட்டர் திருப்புமாறு ஃபங்ஷனையே திருத்துங்கள், உள்ளே போய் வகை மாற்றிக்கொள்ளுங்கள். ஜிசிசி கம்பைலரின் 14-ஆம் பதிப்பு, காஸ்ட் போடாமல் கொடுத்தால், இப்படிப் பொருந்தாத பாயின்ட்டர்களை எச்சரிக்கையாக விடாமல் பிழையாகவே நிறுத்துகிறது, நல்லதுதான். அப்புறம், சுழற்சி மாறியின் முகவரியை எல்லா த்ரெட்டுக்கும் அனுப்பாதீர்கள். கம்பைலர் தடுக்காது, த்ரெட் படிக்கும் நேரத்தில் மதிப்பு மாறியிருக்கும்.

சி மொழியின் 2011 தரத்தைக் கண்டிப்பாகப் பின்பற்றச் சொல்லும் '-எஸ்டிடி=சி11' கொடுத்ததும் பித்ரெட்_பேரியர்_டி (த்ரெட்கள் ஒன்றுக்கொன்று காத்திருக்க உதவும் வகை) தெரியாத வகை என்று வந்தால், அதற்குப் பதில் 'க்னூ11' கொடுங்கள், அல்லது _போசிக்ஸ்_சி_சோர்ஸ் மேக்ரோவை எல்லா ஹெடருக்கும் முன்னால் வரையறுங்கள். பின்னால் போட்டால் பலனில்லை.

எல்லாம் கம்பைல் ஆன பிறகு '-எஃப்சானிடைஸ்=த்ரெட்', '-ஜி' ஆப்ஷன்களுடன் மறுபடி கம்பைல் செய்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஸ்டாட்டிக் மியூடெக்ஸ் போன்ற தவறை, அந்த இரண்டு த்ரெட்களும் ஓடும் பட்சத்தில், எந்த வரியில் மோதல் என்பதோடு காட்டிவிடும்.