வளர்ச்சி ஸ்கேனில் தொப்புள்கொடியை அளப்பது எப்படி?

ஸ்கேன் பழகத் தொடங்கும் பலர் தொப்புள்கொடிக்கு அரை நிமிடம்தான் ஒதுக்குகிறார்கள். இரண்டு தமனி, ஒரு சிரை என்று எண்ணி முடித்ததும் நகர்ந்துவிடுகிறார்கள். இன்னும் ஒரு நிமிடம் நின்றால் கொடியின் பருமனையும் அளந்துவிடலாம். குழந்தை சரியாக வளர்கிறதா என்ற கேள்விக்கு அதுவும் ஒரு துப்பு.

வயிற்றின் மேல் வைக்கும் ஸ்கேன் கைக்கருவியான புரோப்பை எடுப்பதற்கு முன் கர்ப்பத்தின் வாரக்கணக்கைச் சரிபாருங்கள். முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேனில் தலை முதல் பிட்டம் வரையிலான நீளம் 45 முதல் 84 மி.மீ.க்குள் இருந்தால், அதை வைத்துக் கணித்த தேதியை நம்பலாம். தேதி இரண்டு வாரம் பிசகினால் நல்ல குழந்தைகூடச் சிறியதாகத் தெரியும்.

அடுத்து தலை, வயிறு, தொடை எலும்பு. தலையும் தொடையும் விரைவில் கைக்கு வந்துவிடும். ஆளைச் சோதிப்பது வயிற்றுச் சுற்றளவுதான். வெட்டுமுகம் வட்டமாக இருக்க வேண்டும். இரைப்பை கருங்குமிழாகத் தெரிய வேண்டும். தொப்புள்சிரை கல்லீரலுக்குள் சிறு வளைவாகத் திரும்ப வேண்டும். சிரை வயிற்றின் முன்சுவர் வரை நீண்ட கோடாக ஓடினால் வெட்டு சாய்ந்திருக்கிறது. சிறுநீரகம் தெரிந்தால் கீழே இறங்கிவிட்டீர்கள். புரோப்பை அழுத்தினால் வட்டம் நசுங்கும், கையைத் தளர்த்துங்கள். எல்லாம் சரியாக அமைந்தாலும், இந்த அளவுகளை வைத்துக் கருவி சொல்லும் குழந்தையின் எடையில் 15 சதவீதம்வரை பிழை வரலாம். 2,000 கிராம் என்று திரையில் வந்தால், உண்மை 1,700க்கும் 2,300க்கும் இடையில் எங்கும் இருக்கலாம்.

இப்போது கொடி. குழந்தையின் வயிற்றில் கொடி சேரும் இடத்தைக் கண்டுபிடித்து, அதையொட்டி அளப்பது என் வழக்கம். பனிக்குட நீரில் மிதக்கும் பகுதியிலும் அளக்கலாம். ஆனால் கொடியின் பருமன் நெடுக ஒன்றாக இருப்பதில்லை. படத்தைப் பெரிதாக்கி, வெட்டுமுகம் வட்டமாகும்வரை புரோப்பை மெதுவாகச் சுழற்றுங்கள். இரண்டு சிறு கண்ணும் திறந்த வாயுமாக ஒரு முகம் தெரியும். வாய்தான் சிரை. இரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் கலர் டாப்ளரை அணைத்துவிடுங்கள்; நிறம் விளிம்பைத் தாண்டி வழிந்து அளவைக் கெடுக்கும். திரையில் அளக்க உதவும் நீள்வட்டத்தைக் கொடியின் வெளிவிளிம்பில் பொருத்தி மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள்.

பழகிய நாட்களில் நான் குழாய்களை மட்டும் சுற்றி வளைத்து, வெளியே இருந்த வார்ட்டன் ஜெல்லியை (குழாய்களைச் சூழ்ந்திருக்கும் கூழ் போன்ற திசு) விட்டுவிட்டு, 'மெலிந்த கொடி' என்று எழுதினேன். மூத்தவர் மறுபடி அளந்தார். கொடிக்கு ஒரு குறையும் இல்லை.

கொடியின் பரப்பளவு ஏறத்தாழ 32 முதல் 34 வாரம்வரை கூடும். பிறகு நின்றுவிடும், சற்றுக் குறையவும் செய்யும். ஆகவே அந்தந்த வாரத்துக்குரிய அட்டவணையோடுதான் ஒப்பிட வேண்டும். 10ஆம் சதமானத்துக்குக் கீழே, அதாவது அந்த வாரத்தில் நூற்றுக்குப் பத்துக் கொடிகளே இருக்கும் அளவுக்குச் சிறியதாக இருந்தால் வளர்ச்சிக் குறைவு உண்டா என்று கூர்ந்து பாருங்கள். மிகப் பருத்திருந்தால் தாய்க்குச் சர்க்கரை இருக்கிறதா என்று கேளுங்கள். இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். குழாய் இரண்டுதான் என்று தோன்றினால், குழந்தையின் சிறுநீர்ப்பைக்கு இருபுறமும் கலர் டாப்ளர் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தமனி ஓடினால் ஐயம் உறுதியாகும்.

கடைசியில் கொடித் தமனியின் டாப்ளர், அதாவது அதில் ஓடும் இரத்தத்தின் அலைவரைபடம். குழந்தை அசையாமலும் மூச்சசைவு இல்லாமலும் இருக்கும் நேரத்தில், மிதக்கும் பகுதியில் எடுங்கள். இரத்த ஓட்டத்துக்கான தடை அளவு குழந்தைப் பக்கம் கூடுதலாகவும் நஞ்சுக்கொடிப் பக்கம் குறைவாகவும் வரும் என்பதால் நடுப்பகுதியே நல்லது. இரண்டு துடிப்புகளுக்கு இடையே ஓட்டம் அடிக்கோட்டைத் தொட்டு நின்றாலோ, கோட்டுக்குக் கீழே திரும்பினாலோ, அறிக்கை முடியும்வரை காத்திராமல் மருத்துவரை உடனே அழையுங்கள்.

வளர்ச்சியை மறுபடி அளக்க இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும். மூன்று வாரம் இன்னும் நல்லது. கொடியை எந்த இடத்தில் அளந்தீர்கள் என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள். அடுத்த முறை அளப்பவர் வேறொருவராக இருக்கலாம்.