புதுப்பித்த பழைய மாஸ்ஸி பெர்குசன் 35 டிராக்டரை வாங்குமுன் சோதித்துப் பார்க்கும் முறை

பழைய டிராக்டரைப் புதுப்பித்து விற்பனைக்கு வைத்திருப்பதாக ஒருவர் சொன்னால், புதுப்பித்தது என்று அவர் எதைச் சொல்கிறார் என்பதை முதலில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இன்ஜினை முழுவதும் பிரித்து, கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) லேத்துக்கு அனுப்பி, லைனரும் (பிஸ்டன் ஓடும் உருளை உறை) பிஸ்டனும் மாற்றி, கியர் பெட்டியைத் திறந்து பேரிங்குகளைப் பார்த்து மூடுவதும் புதுப்பித்தல்தான். டிங்கரிங் செய்து, பட்டி பூசி, சிவப்புப் பெயின்ட் அடித்து, புது ஸ்டிக்கர் ஒட்டுவதையும் அதே சொல்லால்தான் சொல்கிறார்கள். இரண்டுக்கும் இடையே பெரிய தொகை வித்தியாசம் இருக்கிறது. ஆகவே எதை எதைத் திறந்தார்கள், எந்தப் பட்டறையில் திறந்தார்கள், ரசீதும் வேலை நடக்கும்போது எடுத்த படங்களும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். கிராங்கைக் கடைந்திருந்தால் எத்தனை அண்டர்சைஸ், அதாவது முதல் அளவிலிருந்து எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதையும் கேளுங்கள். ஓர் அங்குலத்தில் ஆயிரத்துக்குப் பத்து, இருபது, முப்பது என்ற அளவுகளில் பேரிங் கிடைக்கும். முப்பதுக்குப் போய்விட்ட கிராங்கை அடுத்த முறை கடைய முடியாது.

இந்தக் கட்டுரைக்கு மாஸ்ஸி பெர்குசன் 35 மாடலை எடுத்துக்கொள்கிறேன். 1956-இல் பிரிட்டனின் கோவென்ட்ரி நகரத்து பேனர் லேன் ஆலையில் இது எஃப்.இ.35 என்ற பெயரில் வெளிவந்தது. அப்போது தகடுகள் சாம்பல் நிறத்திலும் இன்ஜினும் வார்ப்புப் பகுதிகளும் தங்க நிறத்திலும் இருந்தன. 1957-இன் கடைசியில்தான் நாம் அறிந்த சிவப்பும் சாம்பலும் வந்தன. தொடக்க கால டீசல் வண்டிகளில் ஸ்டாண்டர்டு 23சி என்ற நான்கு சிலிண்டர் இன்ஜின் இருந்தது. குளிரில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும் என்று அது பெயரெடுத்ததால், பின்னர் பெர்கின்ஸ் ஏ3.152 என்ற மூன்று சிலிண்டர் இன்ஜின் அதன் இடத்துக்கு வந்தது. 152 என்பது கன அங்குலக் கணக்கு; ஏறக்குறைய இரண்டரை லிட்டர். நம் ஊரில் வாங்குபவர் மூன்று சிலிண்டர் வண்டியையே தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் மாஸ்ஸி பெர்குசன் டிராக்டர்களை இங்கேயே தயாரித்தது. செம்பியத்தில் சிம்சன் நிறுவனம் பெர்கின்ஸ் வடிவமைப்பில் இன்ஜின் தயாரித்தது. அந்த வழியில் வந்த 1035 என்ற மாடல் இன்றும் ஊருக்கு ஊர் ஓடிக்கொண்டிருப்பதால், மூன்று சிலிண்டர் இன்ஜினுக்கு உதிரிபாகமும் கைதேர்ந்த மெக்கானிக்கும் தேடி அலைய வேண்டியதில்லை. அதே காரணத்தால், 1035-ஐ 35 என்று சொல்லி விற்கவும் வழி இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். ஸ்டியரிங்குக்குக் கீழே டேஷ்போர்டில் உள்ள எண் தகட்டைப் பார்த்து, அது பழைய தகடுதானா, ஆணிகள் பழையவைதானா என்று கவனியுங்கள்.

பார்க்கப் போகும் முன்பே விற்பவரிடம் போனில் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். ஒருமுறை காலை எட்டு மணிக்கு ஒரு கொட்டகைக்குப் போனேன். வண்டி பளபளவென்று நின்றது. எக்சாஸ்ட் மேனிஃபோல்டில் கை வைத்தால் சுட்டது. நான் சாவியைத் திருப்பியதும் ஒரே சுற்றில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. அந்த மகிழ்ச்சியில் விலையும் பேசி முடித்தேன். மறுநாள் காலை என் வீட்டு வாசலில் பேட்டரி இறங்கும்வரை சுற்றியும் அது உயிர் பெறவில்லை. அன்றிலிருந்து, இன்ஜின் சூடாக இருந்தால் பேசாமல் திரும்பிவந்து வேறொரு நாள் போகிறேன்.

ஆறிய வண்டியில் முதலில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் துருநிறமாக இருந்தால் உள்ளே சுத்தம் செய்யவில்லை என்று பொருள். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் சிலிண்டர் மூடியான ஹெட்டையோ அதன் அடியிலுள்ள கேஸ்கெட்டையோ சந்தேகிக்க வேண்டும். அடுத்து டிப்ஸ்டிக்கை உருவி, வெள்ளை வேட்டித் துணியில் துடைத்து, மீண்டும் விட்டு எடுங்கள். ஆயில் குறைந்திருப்பதைவிட அளவுக்கு மேல் ஏறியிருப்பதற்குத்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் லிஃப்ட் பம்பின் டயஃப்ரம் (உள்சவ்வு) கிழிந்தால் டீசல் ஆயிலோடு கலந்து மட்டம் ஏறும். துணியில் அந்தத் துளி சட்டென்று அகலமாகப் பரவும். முகர்ந்தால் டீசல் வாடை தெரியும். ஆயில் புதிதாக ஊற்றியதுபோலத் தெளிவாக இருந்தால் ஊற்றும் மூடியைக் கழற்றி டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். இன்ஜினை உண்மையிலேயே பிரித்துக் கழுவியிருந்தால் ராக்கர் பகுதியில் கறுத்த கசடு கட்டியிருக்காது.

இனி ஸ்டார்ட் செய்யச் சொல்லி, நீங்கள் சைலன்சரைப் பார்த்தபடி நில்லுங்கள். தொடக்கத்தில் கொஞ்சம் வெண்புகை வந்து ஒரு நிமிடத்தில் அடங்கினால் குறையில்லை. அடங்காமல் கண்ணைக் கரிக்கும் வெண்புகை வந்துகொண்டே இருந்தால், டீசல் முழுதாக எரியவில்லை. கம்ப்ரஷன், நாசில், பம்பு டைமிங் மூன்றையும் பார்க்க வேண்டும். நீலப்புகை ஆயில் எரிவதைக் காட்டும். ஆக்சிலரேட்டரைத் திடீரென்று கூட்டும்போது மட்டும் வரும் கரும்புகைக்குப் பயப்பட வேண்டாம். இன்ஜினின் உள்காற்றை வெளியே விடும் பிரீதர் குழாயின் வாயருகே உள்ளங்கையைக் காட்டுங்கள். விட்டுவிட்டுப் பலமாக அடித்து ஆயில் துளி கையில் படிந்தால், பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி காற்று கீழே இறங்குகிறது. லைனர் மாற்றியதாகச் சொன்ன வண்டியில் இது இருக்கவே கூடாது. அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகு, வேலை வேகத்தில் ஆயில் பிரஷர் சதுர அங்குலத்துக்கு 30 முதல் 60 பவுண்டுக்குள் நிற்க வேண்டும். மீட்டரில் ஐயம் இருந்தால் உங்கள் மெக்கானிக்கின் மீட்டரை மாட்டிப் பாருங்கள்.

அந்த அரை மணி நேரத்தை ஓட்டிப் பார்க்கப் பயன்படுத்துங்கள். ஆறு முன் கியர்களையும் இரண்டு ரிவர்ஸையும் ஒவ்வொன்றாகப் போட்டு, சரிவில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டுப் பாருங்கள். கியர் தானே நழுவி நியூட்ரலுக்கு வந்தால் பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும். இரட்டை கிளட்ச் உள்ள வண்டியில் பெடலைப் பாதி மிதித்தால் வண்டி மட்டும் நிற்க வேண்டும், பி.டி.ஓ. (பின்னால் மாட்டும் கருவியை ஓட்டும் தண்டு) சுற்றிக்கொண்டிருக்க வேண்டும், முழுதாக மிதித்தால்தான் அதுவும் ஹைட்ராலிக்கும் (ஆயில் அழுத்தத்தால் கலப்பையைத் தூக்கும் அமைப்பு) நிற்க வேண்டும். இந்த இரண்டு நிலைகளும் காலுக்குத் தனித்தனியாகத் தெரியாவிட்டால் கிளட்ச் அட்ஜஸ்ட்மென்ட் தவறியிருக்கலாம், அல்லது தட்டு தேய்ந்திருக்கலாம்.

பெர்குசன் வண்டியின் உயிர் அதன் ஹைட்ராலிக்தான். விற்பவர்கள் குறைவாகக் காட்டுவதும் அதைத்தான். ஹைட்ராலிக் பம்பு கியர் ஆயிலுக்குள்ளேயே, சீட்டுக்கு அடியில் உள்ள பெட்டிக்குள் மூழ்கியிருக்கிறது. அதைப் பழுதுபார்க்க அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டும் என்பதால் பலர் அதைத் தொடாமலே பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். கலப்பை மாட்டும் இரும்புக் கைகள் சுமையில்லாமல் மேலே எழுவதைக் கண்டு திருப்தி அடையக் கூடாது. ஒன்பது கொழுக் கலப்பையை மாட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் அந்த அளவு எடையாவது வேண்டும். தூக்கி நிறுத்தி, இன்ஜின் ஓடும்போதே இரண்டு நிமிடம் கண் எடுக்காமல் பாருங்கள். கலப்பை மெல்ல இறங்கி, சட்டென்று ஏறி, மறுபடி இறங்கித் தலையாட்டிக்கொண்டே இருந்தால், சிலிண்டர் பிஸ்டனிலோ வால்விலோ ஆயில் கசிகிறது. பிறகு இன்ஜினை நிறுத்துங்கள். நேரம் ஆக ஆக அது கொஞ்சம் இறங்கலாம், ஆனால் நிறுத்திய கையோடு தரையைத் தொடக் கூடாது. இந்தச் சோதனையை வண்டி சூடான பிறகு இன்னொரு முறை செய்வது மிக முக்கியம். தேய்ந்த பம்பு, ஆயில் கெட்டியாக இருக்கும் காலையில் நன்றாகத் தூக்கும். சூட்டில் ஆயில் இளகிய பிறகு திணறும்.

கியர் ஆயிலின் டிப்ஸ்டிக்கையும் உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காப்பி போல இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. கியர் லிவரின் ரப்பர் உறை கிழிந்து மழைநீர் இறங்குவது உண்டு. டெல்டாப் பகுதியில் கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிச் சேற்றுழவு செய்த வண்டிகளில் சீல் வழியாகவும் இறங்கும். அப்படி உழைத்த வண்டியில் முன்சக்கர பேரிங்குகளையும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பிறகு வண்டிக்கு அடியில் ஒரு சாக்கை விரித்துப் படுத்துவிடுங்கள். இன்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவிலுள்ள கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் சிறு துளையும் அதில் ஒரு காட்டர் பின்னும் இருக்கும். அந்தப் பின்னின் நுனியில் தொங்கும் துளியை விரலில் தொட்டுப் பாருங்கள். கறுத்து மெலிதாக இருந்தால் இன்ஜினின் பின் ஆயில் சீல் கசிகிறது. இந்த இன்ஜினுக்கு அது பழகிய குறை. நிறம் வெளிறி, பிசுபிசுப்பாக இருந்தால் கியர் பெட்டிப் பக்கத்து சீல். எதுவானாலும் டிராக்டரை நடுவில் இரண்டாகப் பிரித்தால்தான் சரிசெய்ய முடியும். அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். டிராக்டருக்குத் தனியாக சேஸிஸ் கிடையாது. இன்ஜின், கியர் பெட்டி, பின் ஹவுசிங் மூன்றும் போல்ட்டால் கோத்த முதுகெலும்பு. ஆகவே முன் ஆக்சில் தாங்கும் வார்ப்பிலோ பெட்டிகளின் இணைப்பிலோ வெல்டிங் தழும்பு கண்டால் அந்த வண்டி வேண்டாம். பின்சக்கரத்தின் உட்புறம் ஈரமாக இருந்தால் ஆக்சில் சீல் கசிந்து பிரேக் டிரம்முக்குள் ஆயில் போயிருக்கும். இரண்டு பிரேக் பெடல்களையும் தனித்தனியே மிதித்து, இரு பக்கமும் ஒரே அளவு பிடிக்கிறதா என்று பாருங்கள்.

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழுமாக ஆட்டினால் பேரிங்கின் தேய்மானமும், சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னின் தேய்மானமும் கைக்குத் தெரியும். பக்கவாட்டில் ஆட்டினால் ஸ்டியரிங் மூட்டுகளின் தளர்ச்சி தெரியும். டயரில் பட்டன் எவ்வளவு இருக்கிறது என்பதோடு பக்கச் சுவரில் வெடிப்பையும் பாருங்கள். லைட், டைனமோ போன்றவை சிறு செலவு.

பெயின்ட்டைக் கடைசியில் பார்த்தால் போதும். ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி மட்கார்டு, பானெட் விளிம்புகளில் நகர்த்துங்கள். ஒட்டாமல் வழுக்கும் இடத்தில் பட்டி கனமாக இருக்கிறது. ரப்பர் குழாய்கள்மீதும் கிரீஸ் நிப்பிள்கள்மீதும் பெயின்ட் படிந்திருந்தால் எதையும் கழற்றாமலே அடித்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் இன்ஜினைப் பிரித்தேன் என்று சொன்னால் ரசீதைக் கேட்காமல் நம்ப வேண்டாம்.

வண்டி பிடித்துவிட்டால் ஆர்.சி. புத்தகத்தை வாங்கி, சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியில் பொறித்த எண்களோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பழைய வண்டிகளில் இன்ஜின் மாறியிருப்பது சகஜம், மாற்றம் ஆர்.சி.யில் பதிவாகியிருக்க வேண்டும். பதினைந்து ஆண்டுக்குப் பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்திருக்கிறார்களா என்றும், வங்கிக் கடன் குறிப்பு இருந்தால் அதை நீக்க வங்கி கையெழுத்திட்ட படிவம் 35 கையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஆகிய படிவங்களில் ஆர்.சி.யில் பெயருள்ளவரே உங்கள் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். அவர் இறந்திருந்தால் வாரிசுகள் முதலில் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொடுக்கட்டும்; அதுவரை முன்பணம் கொடுக்காதீர்கள், வண்டியும் அவர்கள் கொட்டகையிலேயே நிற்கட்டும்.