எச்எஸ்ஏவில் வரம்புக்கு மேல் பணம் போய்விட்டதா? அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள்

அமெரிக்காவில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு ஜனவரி கடைசியில் டபிள்யூ-2, அதாவது முந்தைய ஆண்டின் சம்பள, வரி விவரப் படிவம், வந்துவிடும். பெரும்பாலோர் முதல் பெட்டியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். ஹெல்த் சேவிங்ஸ் அக்கவுண்ட், அதாவது மருத்துவச் செலவுக்கு வரியில்லாமல் சேமிக்கும் எச்எஸ்ஏ கணக்கு, வைத்திருப்பவர்கள் 12ஆம் பெட்டியையும் பார்க்க வேண்டும். அங்கே ‘டபிள்யூ’ குறியீட்டுக்கு நேரே உள்ள தொகைதான் அந்த ஆண்டு பேரோல் வழியாக எச்எஸ்ஏவுக்குப் போன மொத்தப் பணம். கம்பெனி போட்டதும் உங்கள் சம்பளத்திலிருந்து பிடித்ததும் சேர்ந்தே அதில் இருக்கும்.

இது தெரியாததால் வரும் தவறைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். டபிள்யூ-2ஐ வரி மென்பொருளில் ஏற்றியதும் 12ஆம் பெட்டித் தொகை தானாக உள்ளே போய்விடும். அடுத்த பக்கத்தில் “நீங்களாக எவ்வளவு போட்டீர்கள்?” என்று கேட்கும். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்ததை நினைத்துக்கொண்டு அதே தொகையை மறுபடி அடிப்பார்கள். உடனே ‘வரம்பு மீறல்’ என்று சிவப்பில் எச்சரிக்கை வரும். உண்மையில் மீறலே இல்லை, ஒரே பணம் இரண்டு தடவை எண்ணப்பட்டிருக்கிறது. அந்தக் கேள்வி, உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் போட்ட பணத்தைப் பற்றியது மட்டும். பேரோல் தவிர வேறு வழியில் போடவில்லை என்றால் அங்கே பூஜ்யம்தான். எச்சரிக்கையைப் பார்த்துப் பதறி, கணக்கு வைத்திருக்கும் நிறுவனத்தை அழைத்துப் பணத்தை வெளியே எடுத்துவிட்டால், இல்லாத நோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்ட மாதிரிதான்.

சரி, நிஜமாகவே மீறியிருக்கிறதா என்று பார்க்க வரம்பு தெரிய வேண்டும். 2025ஆம் ஆண்டுக்கு, தனி நபர் இன்சூரன்ஸ் என்றால் 4,300 டாலர், குடும்ப இன்சூரன்ஸ் என்றால் 8,550 டாலர். 2026க்கு 4,400, 8,750. 55 வயதானவர்கள் கூடுதலாக 1,000 போடலாம். கம்பெனி தரும் பணமும் இந்த வரம்புக்குள் அடக்கம்.

மீறல் எங்கிருந்து வருகிறது?

வேலை மாறுவதுதான் முதல் காரணம். குடும்ப இன்சூரன்ஸ் உள்ள ஒருவர் ஜூன் வரை பழைய கம்பெனியில் இருந்தபோது 4,500 டாலர் போயிருக்கிறது. ஜூலையில் புதிய கம்பெனி. அங்கே டிசம்பருக்குள் 4,850. இரண்டு எச்ஆருக்கும் ஒருவர் கணக்கு மற்றவருக்குத் தெரியாது. மொத்தம் 9,350, மீறல் 800 டாலர். இந்த 800ஐக் கடைசி வரை கூடவே வைத்துக்கொள்வோம்.

அடுத்தது கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடு. இருவரும் அவரவர் கம்பெனியில் குடும்ப இன்சூரன்ஸ் எடுத்து, ஆளுக்கு 8,550 போடுகிறார்கள். அந்த வரம்பு இருவருக்கும் சேர்த்து ஒன்றுதான். 55க்கு மேற்பட்டவர்களின் 1,000 மட்டும் ஆளுக்கு ஆள் தனி, அதுவும் அவரவர் பெயரில் உள்ள கணக்கில்தான் போட வேண்டும். இன்னொரு கண்ணி, துணைவரின் கம்பெனி தரும் பொதுவான மருத்துவ எஃப்எஸ்ஏ, அதாவது சம்பளத்திலிருந்து வரியில்லாமல் ஒதுக்கும் செலவுக் கணக்கு. அதிலிருந்து உங்கள் மருத்துவச் செலவுக்கும் பணம் எடுக்க முடியும் என்றால், அது இருக்கும் மாதங்களில் உங்களுக்கு எச்எஸ்ஏவில் பணம் போடும் தகுதியே கிடையாது. பல், கண் செலவுக்கு மட்டுமான எஃப்எஸ்ஏவாலும், குழந்தைப் பராமரிப்புக்கானதாலும் சிக்கல் இல்லை.

65 தாண்டியும் வேலையில் இருப்பவர்களுக்கு மெடிகேர், அதாவது முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு, ஒரு பொறி. அது அமலாகும் மாதத்திலிருந்து எச்எஸ்ஏவில் பணம் போடும் தகுதி போய்விடும். 66 வயதில் ஒருவர் 2025 நவம்பரில் சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தால், மெடிகேரின் ஒரு பகுதியான பார்ட் ஏ ஆறு மாதம் பின்னோக்கிப் போய் மே மாதத்திலிருந்தே அமலாகிவிடும். தகுதியான மாதங்கள் நான்குதான். தனி நபர் இன்சூரன்ஸ் என்றால், 4,300உடன் வயதுக்கான 1,000 சேர்ந்த 5,300ஐப் பன்னிரண்டால் வகுத்து நான்கால் பெருக்க வேண்டும்: சுமார் 1,767 டாலர். அக்டோபர் வரை நல்ல பிள்ளையாகப் போட்டுக்கொண்டிருந்த பணம் ஒரே விண்ணப்பத்தில் மீறலாகிவிடுகிறது.

ஆண்டு முடியும் முன்பே கண்டுபிடித்துவிட்டால் பேரோலில் பிடிப்பதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். ஒரே கம்பெனி தன் தவறால் ஆண்டு வரம்புக்கு மேல் போட்டிருந்தால், அந்தக் கம்பெனியே பணத்தைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது. டபிள்யூ-2 சரியாகவே வந்துவிடும், உங்களுக்கு வேலை மிச்சம். நம் 800 டாலர் கதையில் இரண்டு கம்பெனியும் தவறு செய்யவில்லை. அதனால் திருத்துவது உங்கள் பொறுப்பு.

எடுக்கும் விதத்தில்தான் எல்லாம்

அப்படியே விட்டால் என்ன ஆகும்? மீறிய தொகைக்கு 6 சதவீத வரி, படிவம் 5329இல். 800க்கு 48 டாலர். ஒரு தடவையோடு முடிவதில்லை, மீறல் கணக்கில் இருக்கும் ஒவ்வொரு ஆண்டும் வரும். ஐந்து ஆண்டு கவனிக்காமல் விட்டால் 240.

தவிர்க்க வேண்டுமானால், வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் கடைசி நாளுக்குள் மீறிய தொகையையும் அது ஈட்டிய லாபத்தையும் வெளியே எடுக்க வேண்டும். 2025ஆம் ஆண்டுக்கு 2026 ஏப்ரல் 15, அவகாசம் வாங்கியிருந்தால் அக்டோபர் 15. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஆப்பைத் திறந்து, எச்எஸ்ஏவிலிருந்து வங்கிக் கணக்குக்கு 800 டாலரை மாற்றிவிட்டு, வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். வரித் துறையான ஐஆர்எஸ் கண்ணில் அது மருத்துவம் அல்லாத செலவுக்கு எடுத்த பணம். 65 வயதுக்குக் கீழே என்றால் வருமான வரியும் 20 சதவீதக் கூடுதல் வரியும் சேரும். கூடுதல் வரி மட்டும் 160 டாலர். மீறல் உரிய முறையில் வெளியேறாததால் 2025க்கான 48ம் அப்படியே நிற்கும்.

கணக்கு வைத்திருக்கும் நிறுவனத்திடம் இதற்கென்றே ஒரு படிவம் இருக்கும், அதிகப்படியான பங்களிப்பைத் திரும்பப் பெறும் படிவம். எந்த ஆண்டுக்கான மீறல், எவ்வளவு என்று எழுதிக் கொடுத்தால் லாபத்தை அவர்களே கணக்கிட்டுச் சேர்த்து அனுப்புவார்கள். முதலீடு சரிந்திருந்தால் 800க்குக் குறைவாகவும் வரலாம், அது சரிதான். ‘தவறாக எடுத்த பணத்தைத் திரும்பப் போடும் படிவம்’ என்று இன்னொன்றும் இருக்கும். பெயர் ஏறக்குறைய ஒன்று போலத் தெரியும், வேலை நேர் எதிர். என் கணக்கிலேயே ஒருமுறை, ஃபோனில் எல்லாம் விளக்கிச் சொன்ன பிறகும், சாதாரணமாக எடுத்ததாகவே பதிந்துவிட்டார்கள். அதைத் திருத்தி வாங்க மூன்று மாதம் ஆயிற்று. அதிலிருந்து ஃபோனை நம்புவதில்லை, எழுத்தில்தான் கேட்கிறேன்.

பணத்தை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. அந்த 800 பேரோல் வழியாக, வரி பிடிக்காமல் போன பணம். டபிள்யூ-2இன் முதல் பெட்டியில் அது இல்லை. ஆகவே 2025 வரிக் கணக்கில் ‘இதர வருமானம்’ என்று நீங்களே சேர்க்க வேண்டும். 22 சதவீத அடுக்கில் இருந்தால் வரி 176 டாலர். லாபம் மட்டும் எந்த ஆண்டு கையில் வந்ததோ அந்த ஆண்டின் வருமானம். 2026 பிப்ரவரியில் 32 டாலர் லாபத்தோடு வந்தால், 800 டாலர் 2025 கணக்கிலும் 32 டாலர் 2026 கணக்கிலும் போகும்.

ஏப்ரலிலேயே தாக்கல் செய்துவிட்டு மே மாதம் விழித்துக்கொண்டால்? உரிய நேரத்தில் தாக்கல் செய்தவர்களுக்கு அக்டோபர் 15 வரை வாய்ப்பு உண்டு. பணத்தை எடுத்து, திருத்திய கணக்கைக் கொடுத்து, அதன் தலைப்பில் 301.9100-2 விதியின்படி தாக்கல் செய்வதாக ஒரு வரி எழுத வேண்டும்.

அதுவும் தாண்டிவிட்டதா? 6 சதவீதத்தை ஒரு தடவை கட்டிவிட்டு, அடுத்த ஆண்டு அந்த அளவு குறைத்துப் போடுங்கள். 2026இல் 8,750க்குப் பதில் 7,950 போட்டால் பழைய 800 அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அப்போது அதற்கான வரிக் கழிவையும் கோரலாம். மீறல் இருபது, முப்பது டாலர்தான் என்றால் நான் நேராக இந்த வழிக்கே போவேன். ஒரு டாலர் சொச்சம் வரிக்காக வாடிக்கையாளர் சேவையில் ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்பதில் எனக்கு ஆர்வமில்லை. ஆனால் படிவம் 5329 கட்டாயம் வேண்டும்.

மருத்துவமனை பில்லை அந்த 800இலிருந்து கட்டிவிட்டால் மீறல் தீர்ந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். தீராது. மருத்துவச் செலவுக்கு வரியில்லாமல் எடுத்த பணம் மீறல் கணக்கைக் குறைப்பதில்லை. அடுத்த ஆண்டில் உட்கார வைக்கும் வழியும் எல்லோருக்கும் திறந்திருக்காது. மெடிகேரில் சேர்ந்தவருக்கும், வேலையை விட்டு ஊருக்குத் திரும்பி அமெரிக்க இன்சூரன்ஸை முடித்துக்கொண்டவருக்கும் அடுத்த ஆண்டு வரம்பே பூஜ்யம். அவர்கள் அந்தக் கடைசி நாளைத் தவறவிடவே கூடாது.

மீறல் மாதிரி தெரியும், ஆனால் இல்லை

ஊர் திரும்புகிறவர்களைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2025 அக்டோபர் 1இல் எச்எஸ்ஏவுக்குத் தகுதியான தனி நபர் இன்சூரன்ஸ் பிளானில் சேர்ந்த ஒருவர், டிசம்பர் 1 அன்று தகுதியோடு இருந்தால் ஆண்டு முழுவதற்கும் உரிய 4,300ஐயும் போடலாம் என்று ஒரு சலுகை உண்டு. நிபந்தனை, அடுத்த ஆண்டு டிசம்பர் 31 வரை தகுதியோடு இருக்க வேண்டும். 2026 ஜூனில் சென்னைக்குக் கிளம்பி பிளானை விட்டுவிட்டால், மூன்று மாதத்துக்கு உரிய 1,075 போக மீதி 3,225 டாலர் 2026 வருமானத்தில் சேரும், அதன் மேல் 10 சதவீதம் 322.50. இதை மீறல் என்று நினைத்துப் பணத்தைத் திருப்பி எடுத்தால் எந்தப் பயனும் இல்லை. வரி அப்படியே இருக்கும். அது கணக்கிடப்படுவது, வரிக் கணக்கோடு தரும் எச்எஸ்ஏ படிவமான 8889இன் மூன்றாம் பாகத்தில்.

கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி இரண்டும் எச்எஸ்ஏ சலுகையை ஏற்பதில்லை. அங்கே எச்எஸ்ஏவுக்குப் போன பணம் மாநிலச் சம்பளத்தில் ஏற்கெனவே சேர்ந்தே இருக்கும். மத்திய அரசுக் கணக்கில் சேர்த்த 800ஐ மென்பொருள் மாநிலக் கணக்குக்கும் இழுத்துக்கொண்டு போகிறதா என்று பாருங்கள். போனால் ஒரே பணத்துக்கு இரண்டு தடவை வரி.

கடைசியாக, 2026 பிப்ரவரியில் எடுத்த பணத்துக்கான 1099-எஸ்ஏ, அதாவது எச்எஸ்ஏவிலிருந்து எடுத்ததைக் காட்டும் படிவம், 2027 ஜனவரியில்தான் வரும். அதற்குள் இந்தக் கதை மறந்தே போயிருக்கும். முதல் பெட்டியில் 832, இரண்டாம் பெட்டியில் லாபம் 32, மூன்றாம் பெட்டியில் குறியீடு 2 என்று இருக்க வேண்டும். 1 என்று இருந்தால் சாதாரணமாக எடுத்ததாகப் பதிவாகியிருக்கிறது, உடனே திருத்தச் சொல்லுங்கள். படிவம் 8889இல் 14ஏ வரியில் 832 போட்டால், 14பியிலும் 832 போட வேண்டும். மென்பொருள் “இதை மருத்துவத்துக்குச் செலவழித்தீர்களா?” என்று கேட்கும்போது வெறுமனே “இல்லை” என்று அழுத்திவிட்டு நகர்ந்தால், 20 சதவீதத்தைச் சத்தமில்லாமல் சேர்த்துவிடும்.