காய்ச்சல் வந்தால் மறைக்காதீங்க: வேலூர்ப் பக்கமிருந்து சிங்கப்பூர் வரும் தம்பிகளுக்கு

குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர், கே.வி.குப்பம் பக்கமிருந்து ஒர்க் பர்மிட்டில் சிங்கப்பூர் வரும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். எம்.ஆர்.டி. ரயில் கார்டு எங்கே வாங்குவது, ஊருக்குப் பணம் அனுப்ப எந்தக் கடையில் நல்ல ரேட் என்பதெல்லாம் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே ரூம்காரர்கள் சொல்லிவிடுவார்கள். உடம்பைப் பற்றி மட்டும் யாரும் பேச மாட்டார்கள். தனக்கே முடியாமல் போனால்கூட வாயைத் திறக்க மாட்டார்கள். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுத வேண்டியதாயிற்று.

2020 மார்ச் கடைசி வாரம், கொரோனா பரவிக்கொண்டிருந்த நேரம். எங்கள் ரூமில் பன்னிரண்டு பேர், ஆறு இரட்டைக் கட்டில். எனக்கு மேல்கட்டிலில் பள்ளிகொண்டாப் பக்கத்துப் பையன், வந்து ஐந்து மாதம் முடிந்திருந்தது. டார்ம் (தொழிலாளர் விடுதி) கேட்டில் துப்பாக்கி மாதிரி ஒன்றை நெற்றிக்கு நேரே நீட்டிச் சூடு பார்ப்பார்கள். அவன் தினமும் கிளம்பும் முன் குழாயடியில் நின்று ஈரத்துண்டை நெற்றியில் ஒற்றிக்கொண்டிருந்ததை மூன்றாம் நாள்தான் கவனித்தேன். கேட்டால், "சொன்னா டிக்கெட் போட்டு அனுப்பிடுவாங்கண்ணா. ஏஜென்ட்டுக்கு வாங்கின கடன் இன்னும் பாதி அப்படியே கீது" என்றான். நான் திட்டவில்லை. வந்த புதிதில் நானும் அதையேதான் செய்திருப்பேன்.

ஒரு வாரத்துக்குள் எங்கள் ரூமில் ஏழு பேர் படுத்துவிட்டோம். அவனிடமிருந்துதான் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரே அடுப்படி, ஒரே கக்கூஸ் வரிசை, வேலைக்குப் போக ஒரே லாரி என்றிருக்கும்போது யாரிடமிருந்து யாருக்கு என்று எப்படிப் பிரிப்பது? ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை 'சர்க்கிட் பிரேக்கர்' என்று நாட்டையே மூடினார்கள். அப்போது டார்ம்களில் இருந்தவர்கள் சுமார் 3,23,000 பேர். டிசம்பரில் அரசாங்கம் கொடுத்த கணக்குப்படி அவர்களில் 47 சதவீதம் பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. நோய் இருக்கும்போதே டெஸ்ட்டில் பாசிட்டிவ் என்று தெரிந்தவர்கள் 54,505. பிற்பாடு ரத்தம் எடுத்துப் பார்த்ததில் 'உனக்கும் வந்திருக்கிறது' என்று தெரிந்தவர்கள் 98,289. அத்தனை பேரும் மறைத்தவர்கள் இல்லை. பலருக்கு ஒரு தும்மல்கூட வந்திருக்காது. ஆனாலும் அந்தக் கணக்கைப் படித்தபோது எனக்கு அந்த ஈரத்துண்டுதான் நினைவுக்கு வந்தது.

மறைப்பது பயத்தால். பயம் பெரும்பாலும் பணத்தால். அதனால் முதலில் பணக்கணக்கு.

யார் கட்டுவது?

உங்கள் வைத்தியச் செலவு கம்பெனியின் பொறுப்பு. பர்மிட்டில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் கம்பெனி மருத்துவ இன்சூரன்ஸ் எடுத்தே ஆக வேண்டும். 2023 ஜூலை 1 முதல் அது வருஷத்துக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) இருக்க வேண்டும் (அதற்கு முன் 15,000தான்). அந்த பிரீமியத்தை உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. சம்பளச் சீட்டில் 'இன்சூரன்ஸ்' என்று ஒரு பிடித்தம் இருந்தால் வாயை மூடிக்கொண்டிருக்காதீர்கள்.

சின்னச் சின்ன நோய்க்கு பிரைமரி கேர் பிளான் என்று ஒன்று 2022 ஏப்ரலில் வந்தது. கட்டடம், ஷிப்யார்டு, பிராசஸ் (எண்ணெய், ரசாயன ஆலை) துறைகளில் வேலை செய்பவர்களுக்கும், 7 அல்லது அதற்கு மேல் படுக்கை உள்ள டார்மில் தங்குபவர்களுக்கும் கம்பெனி இதை வாங்கித் தர வேண்டும். டாக்டரை நேரில் பார்த்தால் உங்கள் பங்கு 5 வெள்ளி, போனில் வீடியோவில் பார்த்தால் 2 வெள்ளி. தேக்காவில் ஒரு வேளை சாப்பாட்டுக்கே அதைவிட அதிகம் ஆகிறது. வந்த வாரமே உங்கள் டார்முக்கு எந்த மெடிக்கல் சென்டர் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலோடு கிடக்கும்போது விசாரித்துக்கொண்டிருக்க முடியாது.

அடுத்தது எம்.சி. டாக்டர் கொடுக்கும் லீவுச் சீட்டைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள். சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தால் சம்பளத்தோடு நோய் விடுப்பு சட்டப்படி உண்டு. மூன்று மாதத்தில் 5 நாள், நான்கில் 8, ஐந்தில் 11, ஆறு மாதம் ஆனால் வருஷத்துக்கு 14. ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வந்தால் அந்த 14ஐயும் சேர்த்து 60 நாள் வரை. 48 மணி நேரத்துக்குள் கம்பெனிக்குத் தகவல் சொல்லியிருக்க வேண்டும். வாட்ஸாப்பில் எம்.சி. படத்தை அனுப்பி, அந்த மெசேஜை அழிக்காமல் வையுங்கள். பள்ளிகொண்டாப் பையன் நெற்றியில் தண்ணீர் ஒற்றிக்கொண்டிருந்த அன்று அவனுக்கு 11 நாள் சம்பள லீவு பாக்கி இருந்தது. அவனுக்கும் தெரியாது, அப்போது எனக்கும் தெரியாது.

ஊரிலிருந்து கிளம்பும்போது

வேலூர் காந்தி ரோட்டில் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்த வங்காளக் குடும்பங்களைப் பார்த்திருப்பீர்கள். எக்ஸ்ரே கவரைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நடப்பார்கள். ஊர், பாஷை எல்லாம் விட்டு வைத்தியத்துக்கு வந்தவனுக்கு அந்த ஃபைல்தான் உயிர். 2020 ஊரடங்கில் அவர்கள் லாட்ஜ்களிலேயே வாரக்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். மே மாதம் காட்பாடியிலிருந்து சிறப்பு ரயில் விட்டுத்தான் அனுப்ப வேண்டியிருந்தது. அதே நேரம் இங்கே டார்மில் அடைபட்டுக்கொண்டு அந்தச் செய்தியைப் போனில் பார்த்தேன். நம்மூரில் அவர்கள் எப்படியோ, இங்கே நாம் அப்படி.

ஆகவே நீங்களும் ஒரு ஃபைல் போடுங்கள். சுகர், பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் டாக்டர் சீட்டோடு கொண்டு வாருங்கள். அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியில் வாங்கிய சீட்டாக இருந்தாலும் போதும், மருந்தின் பெயர் ஆங்கிலத்தில் தெளிவாக இருக்க வேண்டும். முன்பு டி.பி. வந்து குணமாகியிருந்தால் பழைய எக்ஸ்ரேயும் சிகிச்சை முடித்த சீட்டும் அவசியம். வந்ததும் எடுக்கும் மெடிக்கலில் நெஞ்சு எக்ஸ்ரே உண்டு. போட்ட தடுப்பூசிச் சான்றிதழ்களைப் போனில் படமெடுத்து வையுங்கள்.

எல்லோர் பெட்டியிலும் டோலோ 650 பட்டை ஒன்று இருக்கும். தப்பில்லை. ஆனால் இங்கே ஆள் ஆளுக்குக் கொடுக்கும் பனடாலும் அதே பாரசிட்டமால்தான். பெயர் வேறு, சரக்கு ஒன்று. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல் போகக் கூடாது. டோலோ என்றால் ஆறு, 500 மில்லிகிராம் பனடால் என்றால் எட்டு. இரண்டையும் கலந்து போட்டால் கணக்குத் தப்பிக் கல்லீரல் கெட்டுப்போகலாம். நம் பையன் காலையில் ஊர் மாத்திரை, ராத்திரி ரூம்காரர் மாத்திரை என்று இரண்டையும் விழுங்கிக்கொண்டிருந்தான். இன்னொன்று, சிங்கப்பூரில் காய்ச்சல் என்றால் டெங்குவாகவும் இருக்கலாம். 2020இல் கொரோனாவோடு சேர்ந்து 35,000 பேருக்கு மேல் டெங்குவும் வந்தது. அதனால் உடம்பு வலிக்கிறதே என்று ப்ரூஃபென், ஆஸ்பிரின் வகை மாத்திரைகளை நீங்களாகப் போட வேண்டாம். ரத்தக் கசிவுக்கு வழி வைக்கும்.

அம்மா கபசுரக் குடிநீர்ப் பொடி கட்டிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், மனசு நோகடிக்க வேண்டாம். அதைக் குடித்தேன், டாக்டரைப் பார்க்கவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அம்மை போட்டால்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கொரோனா அடங்கிவிட்டாலும் டார்ம்களில் சின்னம்மை அடிக்கடி தலைகாட்டும். நம் பக்கம் அம்மை என்றால் ஆத்தா வந்திருக்கிறாள். வாசலில் வேப்பிலை சொருகி, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, கவிச்சி சமைக்காமல், ஆஸ்பத்திரிக்கும் போகாமல் வீட்டிலேயே வைத்திருப்போம். கெங்கையம்மன் சிரசுத் திருவிழா பார்த்து வளர்ந்த குடியாத்தத்துக்காரன் நான். அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல மாட்டேன். யோசித்துப் பார்த்தால் வாசலில் வேப்பிலை சொருகுவதே ஒரு தனிமைப்படுத்தல்தான். வெளியாள் உள்ளே வராதே என்று அர்த்தம். டார்மில் சொருக வாசல் இல்லை, அவ்வளவுதான். கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே அது பரவ ஆரம்பித்துவிடும். எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்காகும் வரை பரவும். முதல் கொப்புளத்தைப் பார்த்த உடனே டார்ம் ஆபீசில் சொல்லுங்கள். சின்ன வயதில் உங்களுக்கு அம்மை போட்டதா என்று கிளம்பும் முன் ஆயாவைக் கேளுங்கள். போடவில்லை என்றால் டாக்டரிடம் தடுப்பூசி பற்றிக் கேட்டுவிட்டு வாருங்கள்.

ரூமில்

2021இல் புது டார்ம்களுக்கு விதி போட்டார்கள். ரூமுக்கு 12 பேருக்கு மேல் கூடாது, கட்டிலுக்குக் கட்டில் ஒரு மீட்டர், ரூமுக்குள்ளேயே கக்கூஸ். நீங்கள் போய்ச் சேர்வது பழைய டார்மாகவே இருக்கலாம். அங்கேயும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பக்கத்துக் கட்டில்காரர் தலைமாடு இருக்கும் பக்கம் உங்கள் கால்மாடு இருக்கட்டும். மூச்சுக்கு மூச்சு தூரம் கூடும், காசும் ஆகாது. காய்ச்சல்காரர் யாரென்று தெரிந்தால் அவரை ஜன்னலோரக் கட்டிலுக்கு மாற்றி, சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஒன்றை ரூமுக்குப் பொதுவாக வாங்கி வையுங்கள். 95க்குக் கீழே வந்தால் டாக்டர். மூச்சு வாங்கினால் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்காமல் நேராக 995, ஆம்புலன்ஸ்.

மனசு விஷயம் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதைப் பற்றி நிறையப் பேச எனக்கு இன்னும் வரவில்லை. டார்ம்காரர்கள் வெளியே போகக் கேட்க வேண்டியிருந்த அனுமதி 2022 ஜூன் 24 அன்றுதான் பெரும்பாலான இடங்களுக்கு நீங்கியது. இரண்டு வருஷத்துக்கு மேல். அதில் நைனா காரியத்துக்குப் போக முடியாதவர்களும் இருந்தார்கள். தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல் ஒரு வாரம் போனால் அதுவும் நோய்தான். வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் எண் 6536 2692, இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள். வீட்டில் எல்லோரிடமும் உண்மை சொல்ல முடியாது, தெரியும். அண்ணனோ மச்சானோ யாராவது ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

வளைகுடா போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. கோடீன் கலந்த இருமல் மருந்தைப் பெட்டியில் வைக்காதீர்கள், அங்கே அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. பத்தாவது முடிக்காமல் ஈ.சி.ஆர். (வேலைக்கு வெளிநாடு போக அரசு அனுமதி தேவைப்படும்) பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்கு பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற இன்சூரன்ஸ் கட்டாயம். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375, வரி தனி. விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 10 லட்சம். பாலிசி நகலை ஏஜென்ட்டிடம் விட்டுவிடாமல் ஒன்றை வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். சவுதியில் 2020 மார்ச் 30 அன்று, விசா முடிந்தவர்கள் உட்பட எல்லோருக்கும் கொரோனா சிகிச்சை இலவசம் என்று மன்னர் உத்தரவு போட்டார். விசா இல்லையே என்று ஒளிந்திருந்தவர்களுக்கும் அது பொருந்தியது.

கடைசியில் பள்ளிகொண்டாப் பையனை ராத்திரி பதினொரு மணிக்கு வந்து அழைத்துப்போனார்கள். லுங்கியும் ஒரு சட்டையுமாகப் போனான். போனில் சார்ஜ் இல்லை, சார்ஜர் கட்டிலிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. எந்த இடத்துக்குக் கொண்டுபோனார்கள் என்று கேட்கக்கூட அவன் ஃபின் நம்பர் (வெளிநாட்டவர் அடையாள எண்) எங்களில் ஒருவருக்கும் தெரியாது. மூன்றாம் நாள் அவன் அம்மா யாரிடமோ என் நம்பர் வாங்கிக் கூப்பிட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல் "தூங்குறான்மா" என்றேன். நான்காம் நாள் அவனே யாரிடமோ சார்ஜர் இரவல் வாங்கிப் பேசினான். தேறிவிட்டான், டிக்கெட்டும் போடவில்லை.

அதனால் பர்மிட்டின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து ரூமில் நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். ஃபின் நம்பர், ரத்த வகை, வீட்டு போன் நம்பர் மூன்றையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி போன் கவருக்குப் பின்னால் சொருகுங்கள். சார்ஜர் இரண்டு வாங்குங்கள், ஒன்று எப்போதும் பையிலேயே இருக்கட்டும்.