பயிற்சியாளர் ஒருவரின் பயணத்தை மதிப்பிடும் முறை: இகோர் ஸ்டிமாச்சை முன்வைத்து

இந்தியக் கால்பந்து அணியின் முன்னாள் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச், ஒரு சாராருக்கு உலகக் கோப்பையில் மூன்றாமிடம் பெற்ற வீரர்; மறுசாராருக்கு 2024 ஆசியக் கோப்பையில் ஒரு கோல்கூட அடிக்காத அணியின் பொறுப்பாளர். இரண்டும் உண்மைதான், ஆனால் இரண்டில் எதுவும் மதிப்பீடு ஆகாது.

முதலில், அவர் ஆடிய காலத்தையும் பயிற்றுவித்த காலத்தையும் தனித்தனித் தாள்களில் எழுதிக்கொள்ளுங்கள். மெட்கோவிச்சில் 1967இல் பிறந்து, ஸ்ப்ளிட் நகரின் ஹய்துக் கழகத்தில் வளர்ந்து, 1987இல் சிலியில் உலக இளையோர் கோப்பையை வென்ற யுகோஸ்லாவிய அணியில் இடம்பெற்று, பின்னர் குரோஷியாவுக்காக 53 ஆட்டங்கள் ஆடியது முதல் தாளுக்குரியது. அதில் நான் அடிக்கோடிடுவது 1998 உலகக் கோப்பைப் பதக்கத்தை அன்று. 1995இல் இங்கிலாந்தின் டெர்பி கவுண்டி கழகத்தில் அவர் சேர்ந்ததைத்தான். அவருடைய முதல் ஆட்டத்தில் 1–5 எனத் தோற்ற அந்த அணி, அடுத்த 20 லீக் ஆட்டங்களில் தோல்வியே காணாமல் பிரீமியர் லீக்கிற்கு உயர்ந்தது. பின்களத்தை ஒழுங்குபடுத்தத் தெரிந்தவர் என்பதற்கு அது நல்ல அடையாளம். எனினும் களத்தில் நின்று ஒழுங்குபடுத்துவதும் கோட்டுக்கு வெளியே நின்று ஒழுங்குபடுத்துவதும் வேறு வேறு வேலைகள் என்பதால், அந்தப் புகழை இரண்டாம் தாளுக்குக் கொண்டுபோகக் கூடாது.

இரண்டாம் தாளில் மொத்தப் புள்ளிகளை எழுதாமல், ஆட்டங்களை நடந்த வரிசையிலேயே எழுதுங்கள். குரோஷிய அணியை 2012இல் ஏற்ற ஸ்டிமாச், உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றின் முதல் ஆறு ஆட்டங்களில் 16 புள்ளிகள் ஈட்டினார். கடைசி நான்கில் கிடைத்ததோ ஒன்றே ஒன்று. ஸ்காட்லாந்திடம் இருமுறை தோற்றபின் 2013 அக்டோபரில் பதவி போயிற்று. 17 புள்ளிகளுடன் இரண்டாமிடம் என்று மட்டும் எழுதியிருந்தால் இந்தச் சரிவு கண்ணில் பட்டிருக்காது.

அடுத்து, ஒவ்வொரு முடிவுக்கும் அருகில் எதிரணியையும் ஆடுகளத்தையும் குறியுங்கள். 2019 செப்டம்பரில் அப்போதைய ஆசியச் சாம்பியனான கத்தாரை அதன் மண்ணிலேயே, அணித்தலைவர் சுனில் சேத்ரி இல்லாமல், 0–0 என்று தடுத்த இந்திய அணிதான், அடுத்த மாதம் கொல்கத்தாவில் வங்கதேசத்திடம் பின்தங்கி, இறுதி நிமிடங்களில் 1–1 என்று தப்பியது. தற்காத்து நிற்கத் தெரிந்த அணிக்குப் பந்தைத் தன்வசம் வைத்துத் தாக்கத் தெரியவில்லை என்ற ஐயம் இங்கேயே எழுகிறது. 2023இல் இம்பால், புவனேஸ்வர், பெங்களூரு ஆகிய மூன்று இடங்களில் வென்ற கோப்பைகளும், ஜூலையில் எட்டிய 99ஆம் தரவரிசையும் சொந்த மண்ணில் ஈட்டியவை. ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா மூன்றிடமும் தோற்றபின் தரவரிசை 117ஆக இறங்கியது.

அணியின் இருக்கையில் உண்மையில் யார் இருந்தார் என்பதையும் பாருங்கள். பெங்களூரில் நடந்த தெற்காசியக் கோப்பையில், பாகிஸ்தான் வீரர் த்ரோ-இன் எறியும் வேளையில் பந்தைத் தட்டிவிட்டுச் சிவப்பு அட்டை வாங்கிய ஸ்டிமாச், குவைத் ஆட்டத்திலும் இன்னொன்று வாங்கினார். பயிற்சியாளருக்கு இது சற்றே அதிகம்தான். அரையிறுதியையும் இறுதியையும் வழிநடத்தியவர் உதவிப் பயிற்சியாளர் மகேஷ் கவ்லி. கோப்பையின் பெருமையில் அவருக்கும் பங்குண்டு.

கடைசி ஆட்டத்தை வைத்துத் தீர்ப்பு எழுதும் ஆசை வரும், அதைத் தள்ளிவையுங்கள். 2024 ஜூன் 11 அன்று தோஹாவில், எல்லைக் கோட்டைத் தாண்டி வெளியேறிய பந்தை உள்ளே இழுத்து அடித்த கோலைக் கத்தாருக்கு வழங்கியது அநீதியே. இந்தியா 1–2 எனத் தோற்று, உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றிலிருந்து வெளியேறியது. ஆறு நாட்களில் ஸ்டிமாச் நீக்கப்பட்டார். ஆனால் அந்த இரவில் வென்றே தீரவேண்டிய நிலை எப்படி வந்தது என்று தேடினால், அதே ஆண்டு மார்ச்சில் குவாஹாட்டியில், முதல் கோலைத் தானே அடித்தும் ஆப்கானிஸ்தானிடம் 1–2 எனத் தோற்ற ஆட்டத்தில் போய் நிற்பீர்கள். அங்கே நடுவர் மீது பழி போட இடமில்லை.